சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை

ஒரே சத்தத்துக்காக ஒன்பது மாதங்களில் மூன்று முறை பணம் கட்டியிருக்கிறேன். அந்த மூன்று முறையும் பட்டறையில் ஒருவர்கூட என் காரின் முன்சக்கரத்தருகே குனிந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சத்தமே இல்லை. எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நான்காம் தளத்திலிருந்து இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே முன்னால் இடப்பக்கத்தில் முறுக்கிய கம்பிச்சுருள் தெறித்ததுபோல ‘டொங்’ என்று ஒலிக்கும். வேகத்தடையில் எவ்வளவு மெதுவாக ஏறினாலும் ‘டொக், டொக்’ என்று இடிக்கும். தீவு விரைவுச்சாலையில் பாலத்தின் இணைப்புகளைக் கடந்தால் வண்டியின் முன்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்கும். இடப்பக்க இருக்கையில் அமர்வது என் அம்மா. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் மேலே உள்ள கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறார்.

முதல் முறை போனபோது பானெட்டை ஒரே ஒரு அழுத்து அழுத்திவிட்டு, “அப்சார்பர் நல்லாத்தான் இருக்குண்ணே, லிங்க் போயிருக்கு” என்றார்கள். அப்சார்பர் என்பது குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய். லிங்க் என்றால், வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் கம்பியின் முனையில் மாட்டும் சிறு தண்டு. அந்த ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டும் மாற்ற 140 வெள்ளி. அந்த லிங்க் இப்படிச் சத்தம் போடக்கூடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே அதன் பந்துமூட்டு தேய்ந்திருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும், அதைக்கூடச் செய்யவில்லை. பானெட்டை அழுத்திப் பார்ப்பது அப்சார்பர் அடியோடு செத்துப்போயிருந்தால் காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்ததை அது காட்டாது. இரண்டாம் முறை லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் உறை) என்று 360 வெள்ளி. மூன்றாம் முறை இடப்பக்க ஸ்ட்ரட் (அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மட்டும், 290 வெள்ளி. ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: “வண்டிக்கு ஒன்பது வருசம் ஆச்சுண்ணே, அடுத்த வருசம் சிஓஇ முடியப்போவுது, எதுக்கு வீணாச் செலவு பண்றீங்க?”

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. சிஓஇ, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமைச் சான்றிதழ், முடிய ஓராண்டு இருக்கிறது என்றால், அந்த ஓராண்டும் இந்த வண்டி மழையிலும் விரைவுச்சாலையிலும் ஓடத்தானே போகிறது? ஸ்ட்ரட் தேய்ந்தால் சக்கரம் சாலையை விட்டுவிட்டுத் துள்ளுகிறது, டயரின் பிடி விட்டுப்போகிறது, பிரேக் பிடித்தால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடுகிறது. சொகுசுக்காகச் செய்யும் செலவாக இதை எண்ணி என்னிடம் பேச வேண்டாம்.

மூன்றாம் முறை மாற்றிய மறுநாளே அதே ‘டொங்’ திரும்பிவிட்டது. எங்கள் புளோக்கில் பேருந்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கீழே வரச் சொல்லிக் கேட்டேன். வந்தவர், “தம்பி, எஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்கை மெதுவா முழுசாத் திருப்புங்க” என்று சொல்லிவிட்டு, சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, ஸ்பிரிங்கின் மேல் விரல் நுனிகளை வைத்துக்கொண்டார். பிறகு என் கையையும் அங்கே வைக்கச் சொல்லி, அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஸ்பிரிங் சக்கரத்தோடு சீராகத் திரும்பாமல், நின்று, முறுக்கேறி, சட்டென்று விரலடியில் குதித்தது. ஸ்ட்ரட்டின் தலையை வண்டியோடு பிணைக்கும் டாப் மவுண்டின் பேரிங் இறுகிப்போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதாவது, புதிய ஸ்ட்ரட்டின் தலையில் பழைய டாப் மவுண்டையே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். மவுண்டின் விலை ஸ்ட்ரட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அதை மாற்ற வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டை முழுதாக இறக்கி, ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்து, மேல்நட்டைக் கழற்றியாக வேண்டும். அந்த வேலை முழுவதையும் செய்து முடித்து, தேய்ந்த மவுண்டைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகும் அதையே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள் என்றால், இனி அதே கூலியை நான் இன்னொரு முறை அழ வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

அதோடு முடியவில்லை. அண்ணன் ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, தூசியுறையை மேலே தள்ளி, கைப்பேசி விளக்கை அடித்துக் காட்டினார். கண்ணாடிபோல் மின்ன வேண்டிய புதிய ஸ்ட்ரட்டின் தண்டின் மேல் இடுக்கியின் பற்கள் வரிவரியாகப் பதிந்திருந்தன. நட்டை முடுக்கும்போது தண்டு சுற்றாமலிருக்க இடுக்கியால் கவ்வியிருக்கிறார்கள். அந்தக் கீறல் மேலும் கீழும் போய்வரும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அரிக்கும். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத பொருள் அது! வலப்பக்கத்துப் பழைய ஸ்ட்ரட்டோ அடிவரை எண்ணெய் வழிந்து, அதில் தூசி அப்பிக் கறுத்துக் கிடக்கிறது. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டும் செய்யவில்லை; அன்றிலிருந்து ஸ்டியரிங் வலப்பக்கம் இழுக்கிறது.

ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் வகுத்த இந்த ஸ்ட்ரட் அமைப்பு 1950களின் தொடக்கத்திலேயே ஃபோர்டு கார்களில் வந்துவிட்டது. இன்று இந்தத் தீவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது இதுதான். இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களுக்கு, முன்பக்க ஸ்ட்ரட் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதும், மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் அடியில் போய் மோதாமல் தாங்கும் ரப்பர்), உறை மூன்றையும் கூடவே பார்க்க வேண்டும் என்பதும் தெரியாமலிருக்க வழியே இல்லை.

சனிக்கிழமை காலை மூன்று இரசீதுகளோடும் அந்தப் பட்டறைக்குப் போகிறேன். அண்ணனும் உடன் வருகிறார். ஸ்ட்ரட்டை என் கண்ணெதிரே கழற்றச் சொல்லி, தண்டில் இருக்கும் பற்குறியைக் காட்டி, இதைச் செய்தது யார் என்று கேட்பேன். முன்பக்கம் இரண்டுக்கும் ஸ்ட்ரட்டும் மவுண்டும் புதிதாகப் பூட்டி, அலைன்மென்ட் செய்து தரட்டும். வலப்பக்கத்து உதிரிபாகங்களின் விலையையும் அலைன்மென்ட் கட்டணத்தையும் நான் கொடுக்கிறேன். மற்றபடி கூலி என்று இன்னொரு வெள்ளிகூடக் கொடுக்க மாட்டேன்.