கொரில்லா உடைக்குள் இருந்தவருக்கு வேர்த்திருக்காதா?

போன சனிக்கிழமை இரவு என் அக்கா மகனுக்கு 1953-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரோபாட் மான்ஸ்டர்’ என்ற அமெரிக்கப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவனுக்கு ஒன்பது வயது. மனித குலத்தை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்ட வேற்றுலக எதிரி ஒருவன், எஞ்சியிருக்கும் எட்டுப் பேரைத் தேடி, வெயில் காயும் ஒரு கற்பாறைச் சரிவில் தட்டுத்தடுமாறி ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்கு உடல் கொரில்லாவினுடையது. தலையில் ஆழ்கடலில் மூழ்குவோர் அணியும் கவசம். அதன் உச்சியில் ஆன்டெனா. பையன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மாமா, இந்த வெயில்ல அந்த டிரஸ்ஸுக்குள்ள இருக்கிறவருக்கு வேர்த்திருக்காதா?” என்று கேட்டான்.

கால் நூற்றாண்டாக இந்த வகை மலிவு அறிவியல் புனைகதைப் படங்களைத் தேடித்தேடிப் பார்த்து வருகிறேன். அவற்றைப் பற்றி எழுதப்பட்ட கிண்டல்களையும் நிறையப் படித்திருக்கிறேன். அந்த உடைக்குள் ஒரு மனிதர் இருந்தார் என்பதிலிருந்து பேசத் தொடங்கியவர்கள் மிகவும் குறைவு. அதனால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

உடைக்குள் இருந்தவரின் பெயர் ஜார்ஜ் பாரோஸ். ஹாலிவுட்டில் கொரில்லா வேடம் தேவைப்பட்டால் கூப்பிடப்படும் மிகச் சிலருள் ஒருவர். உடை அவருக்கே சொந்தம், அவரே செய்தது. இயக்குநர் ஃபில் டக்கருக்கு முதலில் வேண்டியிருந்தது ஓர் இயந்திர மனிதன். அப்படியோர் உடையைச் செய்து வாங்கக் கையில் பணமில்லை. படத்தின் மொத்தச் செலவே 16,000 டாலர் அளவில்தான். படப்பிடிப்பு முடிந்தது 4 நாளில். ஆகவே நண்பர் பாரோஸை உடையோடு வரச் சொல்லி, தலைக்கு மட்டும் மூழ்குவோர் கவசத்தைத் தேடிப் பிடித்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் பிரான்சன் கேன்யன் என்றொரு பழைய கல்குவாரி இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்த ஒரு குகை வாயில். அந்த வாயிலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு வானொலிப் பெட்டி, பக்கத்தில் சோப்புக் குமிழிகளை ஊதித் தள்ளும் ஒரு கருவி. பூமியை வென்றவனின் தலைமைச் செயலகம் அவ்வளவுதான். அந்தக் குமிழிக் கருவிக்குப் படத்தின் தொடக்கத்தில் தனியாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். கையில் இருந்த ஒரே ஆடம்பரப் பொருளுக்குச் செய்த மரியாதையாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதே படத்துக்கு இசையமைத்தவர் எல்மர் பெர்ன்ஸ்டைன். பின்னாளில் ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’ (1956), ‘மேக்னிஃபிசென்ட் செவன்’ (1960) ஆகிய படங்களுக்கு இசையமைத்த அதே மேதைதான். இடதுசாரிச் சார்பு உள்ளவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட கலைஞர்களுக்குப் பெரிய ஸ்டுடியோக்களின் கதவுகள் சாத்தப்பட்டிருந்த காலம் அது. அவருக்குக் கிடைத்தவை இத்தகைய சின்னப் படங்களே. கொரில்லாவுக்குத்தானே என்று அவர் ஏனோதானோவென்று எழுதிக் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த இசையை மட்டும் கேட்டால், பெரும் துயரம் ஒன்று உண்மையிலேயே நிகழ்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றும்.

படத்தில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரோ-மேன் என்ற அந்த எதிரி, தான் அழிக்க வேண்டிய குடும்பத்துப் பெண்ணின் மேல் மனம் வைத்துவிடுகிறான். அவளையும் கொல்லச் சொல்லி மேலிடத்து உத்தரவு வருகிறது. என்னால் முடியாது, ஆனால் செய்தே தீர வேண்டும்; ‘முடியாது’ என்பதும் ‘தீர வேண்டும்’ என்பதும் வரைபடத்தின் எந்தப் புள்ளியில் சந்திக்கின்றன என்று அவன் தனக்குள் புலம்புகிறான். கவசத்துக்குள் முகம் தெரியாத அந்த உருவம், கனத்த உரோமக் கைகளை அசைத்து அசைத்துப் படும் வேதனை மேலோட்டமாகப் பார்த்தால் வேடிக்கைதான். ஆனால் கணக்கு மட்டுமே தெரிந்த ஓர் உயிர், கணக்கில் அடங்காத ஒன்றை முதன்முறையாகச் சந்திக்கும் தருணத்தை அறிவியல் புனைகதை எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறது. இவ்வளவு நேரடியாக வேறெங்கும் நான் கண்டதில்லை. மருமகன் அந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளம் நடக்கும். துரியோதனனை மண்ணால் செய்து தரையில் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். கண்ணும் மீசையும் வண்ணம் தீட்டிய பிரமாண்டமான மண்ணுருவம். கூத்தில் பீமன் வேடம் கட்டியவர் அதன் தொடையைப் பிளக்கும்போது சுற்றி நிற்கும் கூட்டத்தில் அழுகை எழும். அது மண் என்பது அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். முதல் நாள் குழைத்ததையே பார்த்தவர்கள் அவர்கள். இந்தப் பழக்கத்தில் வளர்ந்ததால்தானோ என்னவோ, ஒரு படத்தில் விண்கலம் நூலில் தொங்குவது தெரிந்தால் எனக்கு அந்தப் படத்தின்மேல் மதிப்புக் குறைவதில்லை.

ஆனால் இந்தப் படங்களைப் பார்ப்பதற்கென்று உலகம் பழகிக்கொண்ட முறை வேறு. 1980-இல் அமெரிக்க எழுத்தாளர்களான மெட்வெட் சகோதரர்கள் ‘கோல்டன் டர்க்கி’ விருதுகள் என்ற பெயரில், எல்லாக் காலத்துக்குமான மிக மோசமான படம் என்று இயக்குநர் எட் வுட்டின் ‘ப்ளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்துக்குப் பட்டம் கொடுத்தார்கள். 1988-இல் மினியாபொலிஸில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. பழைய படங்களை ஓடவிட்டு, அவை ஓடும்போதே கேலி பேசுவது அதன் வழி. மறந்துபோன பல படங்களை மீண்டும் மக்கள் முன் கொண்டுவந்த பெருமை அந்த நிகழ்ச்சிக்கு உண்டு என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். எனினும் அதன் வழியாக வந்த ஒரு தலைமுறை, கேலிக்கு இடம் தேடிக்கொண்டே படம் பார்க்கக் கற்றுக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் கூடிய ஒரு திரையிடலில், வசனம் ஒன்றுகூடக் காதில் விழாதபடி முதல் நிமிடம் முதல் கூச்சலிட்டார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அன்றைய வருத்தம் இன்னும் ஆறவில்லை.

‘ப்ளான் 9’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1931-இல் டிராகுலாவாக நடித்து உலகத்தை அச்சுறுத்திய பேலா லுகோசி, கடைசிக் காலத்தில் போதை மருந்துப் பழக்கத்தாலும் வறுமையாலும் நொடிந்துபோய், கைவிடப்பட்ட நிலையில் இருந்தார். அப்போது அவரைக் கூப்பிட்டு நடிக்க வைத்தவர் எட் வுட். 1956 ஆகஸ்டில் லுகோசி இறந்தார். வேறொரு திட்டத்துக்காக அவரை வைத்து எடுத்திருந்த, சில நிமிடங்களே ஓடும் ஒலியில்லாத காட்சிகள் வுட்டிடம் இருந்தன. ஒரு வீட்டிலிருந்து முதியவர் ஒருவர் வெளியே வருகிறார், ஒரு பூவைப் பறித்து முகர்கிறார், நடந்து போகிறார். இப்படிச் சில துண்டுகள்தான். இதைச் சுற்றி ஒரு முழுப் படத்தையே கட்டினார் வுட். மீதிக் காட்சிகளுக்கு, தன் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்துவந்த டாம் மேசன் என்பவரை நடிக்க வைத்தார். மேசன் லுகோசியைவிட உயரம். முகச் சாயலும் கிடையாது. அதனால் படம் முழுக்கக் கறுப்புப் போர்வையை மூக்குவரை தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். இதை எத்தனையோ பேர் சிரிப்பாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறந்துபோன நண்பரைக் கடைசியாக ஒருமுறை வெள்ளித்திரைக்குக் கொண்டுவர, கையில் வேறு வழியில்லாத ஒருவர் செய்த காரியமாக அதைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

இந்தப் படங்கள் இவ்வளவு எண்ணிக்கையில் வந்ததற்குத் தொழில் சார்ந்த காரணங்களும் உண்டு. திரையரங்குகளைத் தங்கள் கையில் வைத்திருந்த பெரிய ஸ்டுடியோக்கள் அவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிலையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் உருவாக்கியது. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகள் பெருகின. அவற்றுக்கு வாராவாரம் இரட்டைப் படங்கள் தேவைப்பட்டன. பெயரையும் போஸ்டரையும் முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு கதை எழுதுகிற வழக்கம் அப்போதுதான் வேரூன்றியது. அணுகுண்டுச் சோதனைகள் பற்றிய பயம் கதைகளுக்குத் தீனி போட்டது.

ஆனால் தேவையும் சந்தையும் ஒரு பூதத்தைச் செய்து தராது. யாராவது உட்கார்ந்து ரப்பரை வெட்ட வேண்டும். பால் பிளெய்ஸ்டல் என்பவரும் அவர் மனைவி ஜாக்கியும் அதைத்தான் தங்கள் வீட்டில் செய்துகொண்டிருந்தார்கள். ரோஜர் கார்மன் இயக்கிய ‘இட் கான்கர்ட் தி வேர்ல்ட்’ (1956) படத்துக்காக, வெள்ளிக் கோளிலிருந்து வரும் உயிர் ஒன்றை அவர் செய்தார். பொறியியல் படித்த கார்மனின் எண்ணம், ஈர்ப்பு விசை மிகுந்த கோளில் பிறந்த உயிர் தரையோடு ஒட்டிக் குட்டையாகத்தான் இருக்கும் என்பது. வெள்ளியின் ஈர்ப்பு விசை பூமியினுடையதைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே அந்தக் கணக்கு பிழை. இருந்தாலும் ஒரு மலிவுப் படத்துக்காக அப்படியொரு கணக்கைப் போட்டுப் பார்க்க அங்கே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் கதாநாயகி பெவர்லி கார்லண்ட் அந்தக் குட்டைப் பூதத்தைப் பார்த்து, உலகத்தைப் பிடிக்க வந்தது நீயா என்று கேட்டு ஓர் உதை விட்டாராம். உடனே அதை உயர்த்தச் சொன்னார் கார்மன். கூம்பு வடிவத் தலையும் கோரைப் பற்களும் நண்டுக் கைகளுமாகத் திரையில் நாம் காண்பது அப்படி உயர்த்தப்பட்ட உருவம். உள்ளே உட்கார்ந்து அதை இயக்கியவர் பிளெய்ஸ்டலே.

இந்த உலகத்துக்கும் சேலத்துக்கும் ஒரு தொடர்பு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம், அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 1952-இல் ‘காடு’ என்ற படத்தைத் தயாரித்தார். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘தி ஜங்கிள்’. இந்தியக் காட்டுக்குள் இன்னும் உயிரோடு இருக்கும், உலகில் அழிந்துபோன மாமத (மேமத்) யானைகள்தான் கதையின் முடிச்சு. நம் யானைகளுக்கே கம்பளி உரோமம் போர்த்தி மாமத யானைகளாக்கினார்கள். பழக்கப்பட்ட ஒரு யானை, தன் மேல் திடீரென்று சடைசடையாக உரோமம் தொங்குவதை எப்படிப் பொறுத்துக்கொண்டு நின்றதோ! அதில் நடித்த மேரி வின்ட்சர் அடுத்த ஆண்டு ‘கேட்-விமன் ஆஃப் தி மூன்’ படத்தில் நிலவுக்குப் போனார். அதற்கும் இசை பெர்ன்ஸ்டைன்தான். ‘காடு’ படத்தில் அவருடன் நடித்த சீசர் ரொமேரோ 1966-இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடரில் ஜோக்கர் ஆனார். அந்தத் தொடரில் பேட்மேனின் கார் சீறி வெளியே வரும் குகை, நம் கொரில்லா குமிழி ஊதிக்கொண்டிருந்த அதே பிரான்சன் குகை.

இத்தகைய படங்களைப் பாராட்ட வருபவர்கள் வழக்கமாக ஒரு சமாதானம் சொல்வார்கள்: இங்கிருந்துதான் பெரிய ஆட்கள் வந்தார்கள் என்று. உண்மைதான். ஜேம்ஸ் கேமரூன் கார்மனிடம் வேலை பார்த்தவர். மாணவர் படமாகத் தொடங்கி 1974-இல் வெளிவந்த ‘டார்க் ஸ்டார்’ படத்தில் கடற்கரையில் விளையாடும் காற்றடைத்த பந்துக்குக் கால் வைத்து வேற்றுலக உயிராக்கிய டான் ஓபேனன், அதே எண்ணத்தைப் பயமுறுத்தும்படி மாற்றி எழுதியதே 1979-இன் ‘ஏலியன்’. ஆனால் எனக்கு அந்தப் பந்து பிடித்துப்போவதற்கு ‘ஏலியன்’ வந்திருக்கத் தேவையில்லை. அது தன் கால்களால் தத்தித்தத்தி ஓடுவதைப் பார்க்கும்போதே ஓர் உயிரைப் பார்க்கிறோம் என்று மனம் ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

எல்லா மலிவுப் படங்களையும் நான் ஆதரிக்கவில்லை. பெண்களைக் காப்பி ஊற்றிக் கொடுப்பவர்களாகவே காட்டிய படங்கள் அவற்றில் ஏராளம். அந்தக் குறையைக் காலத்தின் மேல் போட்டுத் தப்பவிட முடியாது. இப்போது சிலர் வேண்டுமென்றே மோசமாக எடுத்து, பாருங்கள் எவ்வளவு மோசம் என்று தாங்களே கண்ணடிக்கிறார்களே, அவை எனக்குப் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. டக்கரும் வுட்டும் பிளெய்ஸ்டலும் நல்ல படம் எடுக்கத்தான் முயன்றார்கள். அந்த முயற்சி ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. பணம் போதாத இடத்தில் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

பென்சில்வேனியாவில் ஃபீனிக்ஸ்வில் என்ற சிற்றூரில் கலோனியல் என்றொரு பழைய திரையரங்கம் இருக்கிறது. 1958-இல் ‘தி ப்ளாப்’ படத்துக்காக, செந்நிறக் கூழுருவம் ஒன்று அரங்குக்குள் புகுந்ததும் மக்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவரும் காட்சி அங்கேதான் எடுக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் கோடையில் அதற்கென்று ஒரு விழா எடுக்கிறார்கள். கூடுகிறவர்கள் அரங்குக்குள் போய், அதே கதவு வழியாக, அதே மாதிரி அலறிக்கொண்டு ஓடிவருகிறார்கள். தாத்தா பாட்டிகளும் ஓடுகிறார்கள், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவர்களும் ஓடுகிறார்கள். படத்தில் பயன்படுத்திய சாயமேற்றிய சிலிகோன் கூழைப் பல பத்தாண்டுகள் ஒரு வாளியில் பத்திரமாக வைத்திருந்து, விழாவுக்கு வருகிறவர்களுக்குக் காட்டியும் இருக்கிறார்கள். இதை மருமகனிடம் சொன்னேன். அந்த வாளியைத் தொட விடுவார்களா என்று கேட்டான். எனக்கும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.