கிரிவெல்லி ஓவியத்தில் இருப்பது பறக்கும் தட்டு அல்ல

வானில் ஒரு வட்டம், அதிலிருந்து மரியாளின் தலைக்குப் பாயும் ஒளிக்கற்றை. '1486-லேயே வேற்றுக்கிரகவாசிகள் வந்ததற்குச் சான்று' என்று பரவும் படம் இது. இந்தச் செய்தி தவறு.

இது இத்தாலிய ஓவியர் கார்லோ கிரிவெல்லி வரைந்த மங்கள வார்த்தை ஓவியம்; அதாவது, இயேசு பிறக்கப்போவதை வானதூதர் கபிரியேல் மரியாளுக்கு அறிவித்த காட்சி. இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அந்த வட்டம் மேகமும் வானதூதர்களும்தான். ஒளிக்கற்றையில் ஒரு புறா இருக்கிறது. தூய ஆவியின் அடையாளம். மங்கள வார்த்தையை வரைந்த அக்கால ஓவியர்கள் பலர் கையாண்ட மரபு இது.

உண்மையில் வியக்க வேண்டியது வேறு. கபிரியேலின் பக்கத்தில் புனித எமிதியுஸ் ஒரு குட்டி நகரத்தை ஏந்தியிருக்கிறார். அது அவர் காவல் புனிதராக இருக்கும் இத்தாலிய நகரமான அஸ்கோலி பிச்சேனோ. 1482-இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் அந்நகருக்குத் தன்னாட்சி உரிமை தந்தார். செய்தி வந்து சேர்ந்தது மார்ச் 25, அதாவது மங்கள வார்த்தை திருவிழா அன்று. அதனால்தான் உள்ளூர்ப் புனிதர் வானதூதருடன் தெருவில் மண்டியிடுகிறார். கீழே இருக்கும் ஆப்பிள் ஆதிப் பாவத்தையும், வெள்ளரிக்காய் மீட்பையும் குறிப்பதாகக் கொள்வார்கள்.