சேம்பர் கதவை மூடும் முன் பார்க்க வேண்டியவை

தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவரை ஆக்சிஜன் சேம்பருக்குள் படுக்கவைக்கக் கூடாது. ‘ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்க்காகவா இன்றைய சிகிச்சையைத் தள்ளிப்போடுவீர்கள்?’ என்று வீட்டார் கோபப்படுவார்கள். ஆமாம், அதற்காகத்தான். தலையை அலசிவிட்டு வரட்டும், இல்லையென்றால் நாளை வரட்டும்.

ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சைக்கு, அதாவது அழுத்தம் ஏற்றிய மூடிய சேம்பருக்குள் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் சிகிச்சைக்கு, அதிகம் பயன்படுவது ஒருவர் மட்டும் படுக்கும் அக்ரிலிக் குழாய். பெரும்பாலும் அது முழுக்கத் தூய ஆக்சிஜன்தான் நிரம்பியிருக்கும், அதுவும் வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது ‘படபட’ என்று பொறி வருமே, அந்த அளவு பொறியே உள்ளே போதும். எண்ணெய், முடி, துணி எல்லாம் நொடிகளில் பற்றிக்கொள்ளும். உடனே கதவைத் திறக்கலாமே என்றால் முடியாது. இரண்டு மடங்கு அழுத்தத்தில் கதவின் மேல் சதுர மீட்டருக்குச் சுமார் பத்து டன் விசை இருக்கிறது. அழுத்தத்தை முழுக்க இறக்கினால்தான் கதவு அசையும், தீ அதுவரை காத்திருக்காது.

1997 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் பலர் உட்காரும் சேம்பர் ஒன்று எரிந்து, பத்து நோயாளிகளும் ஒரு செவிலியரும் இறந்தார்கள். குளிருக்காக ஒருவர் வைத்திருந்த கைச்சூடேற்றிதான் காரணமாகச் சொல்லப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ட்ராய் நகரில் சேம்பருக்குள் பற்றிய தீயில் ஐந்து வயதுக் குழந்தை உயிரிழந்தது. உடலில் சேரும் மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் பட்டையைக் குழந்தையின் கையில் கட்டவில்லை, சேம்பரின் அன்றைய சோதனையும் செய்யவில்லை என்பவை அந்த வழக்கில் அரசுத் தரப்பு வைத்த குற்றச்சாட்டுகள். இரண்டுமே கதவு மூடுவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைகள்.

அந்த ஐந்து நிமிடத்தில் நோயாளியிடம் கேட்டால் மட்டும் போதாது, கையால் தடவிப் பார்க்க வேண்டும். ‘எதுவும் இல்லை’ என்று சொல்பவரின் மடியில் போன் இருக்கும், காதில் செவித்துணைக் கருவி இருக்கும், முழங்காலில் தைலம் இருக்கும். புண்ணின் மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய காஸ் துணி இருந்தால் எடுத்துவிட்டு வேறு கட்டு போட வேண்டும். உடை, மையம் கொடுக்கும் நூறு சதவீதப் பருத்தியாக இருக்கட்டும், வீட்டு நைட்டி வேண்டாம். விரிப்பும் தலையணை உறையும் அப்படியே, ஏனென்றால் பருத்தி என்று விற்பதில் பாலியஸ்டர் கலந்ததும் உண்டு. பருத்தியும் எரியும். ஆனால் செயற்கை இழையைப் போல அது மின்னூட்டம் சேர்ப்பதில்லை. கடைசியாக மணிக்கட்டில் எர்த் பட்டை. பட்டை தோலைத் தொட வேண்டும், மறுமுனை சேம்பரில் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சும்மா சுற்றிவைத்த பட்டை வெறும் கயிறுதான்.

தீ அபூர்வம், காதுவலி அன்றாடம். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது காது அடைப்பதுபோல, அழுத்தம் ஏறும்போது செவிப்பறை உள்ளே தள்ளப்படும். மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதுவது, எச்சில் விழுங்குவது இரண்டையும் வெளியிலேயே பழக்கிவிட வேண்டும். வலி என்று கை காட்டினால் ஏற்றுவதை நிறுத்தி, சற்று இறக்கி, காது திறந்த பிறகுதான் மறுபடி ஏற்ற வேண்டும். ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்று மேலே ஏற்றினால் நடுக்காதில் ரத்தம் கட்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்து அதற்குச் சிகிச்சை செய்யாமல் இருந்தால் சேம்பர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அது தெரியாது. அழுத்தம் இறங்கும்போதுதான் அந்தக் காற்று விரிந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். முன்கூட்டியே நெஞ்சு எக்ஸ்ரே கேட்பது இதற்காகத்தான். பிளியோமைசின் போன்ற புற்றுநோய் மருந்து எப்போதாவது எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஆக்சிஜனும் மருந்துதான், அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். 2.4 மடங்கு அழுத்தத்தில் முப்பது நிமிட ஆக்சிஜன், ஐந்து நிமிடச் சாதாரணக் காற்று என்று இடைவெளி விட்டுக் கொடுப்பது அதைத் தவிர்க்கத்தான். நேரம் மிச்சம் என்று இடைவெளியை வெட்டுவது தவறு. உதடு துடித்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, பார்வை சுருங்கினாலோ உடனே காற்றுக்கு மாற்ற வேண்டும். வலிப்பே வந்துவிட்டால் பதறி அழுத்தத்தை இறக்கக் கூடாது. அந்த நேரத்தில் தொண்டை இறுகி மூச்சு அடைபட்டிருக்கும். இறக்கினால் உள்ளே விரியும் காற்று வெளியேற வழியின்றி நுரையீரலைக் கிழிக்கும். ஆக்சிஜனை நிறுத்தி, அழுத்தத்தை அப்படியே வைத்து, மூச்சு சீரான பிறகுதான் இறக்க வேண்டும். இந்தப் பயிற்சி இல்லாதவரை இயக்குபவராக வைக்கவே கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு உள்ளே சுகர் இறங்கும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருபவரை அப்படியே படுக்கவைக்க வேண்டாம். ஊசி குத்திப் பார்த்து, குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிடச் சொல்லி, மறுபடி பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

நம் ஊரில் இந்தச் சிகிச்சையை அதிகம் தேடுவது சர்க்கரைக் காலின் புண்ணுக்காக. இங்கே எனக்கு உறுதியான கருத்து உண்டு: காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்காமல் சேம்பரில் முப்பது தடவை படுக்கவைப்பது நோயாளியின் பணத்தையும் நாளையும் வீணாக்குவது. புண்ணுக்குப் பக்கத்துத் தோலில் மின்முனை ஒட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கலாம். பாதரச அளவில் 40 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அங்கே ஆக்சிஜன் போதவில்லை. சேம்பருக்குள் அது 200-ஐத் தாண்டினால் பலன் எதிர்பார்க்கலாம். ஏறவே இல்லையென்றால் முதலில் ரத்தக்குழாய் மருத்துவர். எலும்பு வரை போன, ஒரு மாத முறையான சிகிச்சைக்கும் ஆறாத புண்தான் இதற்கு உரியது. அப்போதும் செத்த சதையை வெட்டி எடுப்பதும், பாதத்தில் எடை விழாமல் பார்ப்பதும் நிற்கக் கூடாது. நெதர்லாந்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் காலைக் காப்பாற்றுவதில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் நோயாளியிடம் சொல்ல வேண்டும். முப்பது நாளில் புண்ணின் அளவு குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

உள்ளே படுத்து மூடிக்கொள்ளும், ஜிப் வைத்த பை போன்ற மென்மையான சேம்பர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவற்றில் கிடைப்பது 1.3 மடங்கு அழுத்தக் காற்று. கணக்குப் போட்டால் சாதாரண அறையில் 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம், மூக்குக்குழாயில் இரண்டு லிட்டர் வைத்தாலே அது கிடைத்துவிடும். ஆட்டிசத்துக்கும் புற்றுநோய்க்கும் இதை விற்பவர்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அதற்குள் ஆக்சிஜன் மெஷினைச் செருகிக் கொடுத்தால், தீ அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

கார்பன் மோனாக்சைடு விஷம், சதையை அழுக வைக்கும் தொற்று, கதிர்வீச்சால் கெட்ட தாடையெலும்பு, ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து முடங்கிப்போன கடல் குளியாள் என்று இந்தச் சிகிச்சைக்கு உண்மையான இடங்கள் இருக்கின்றன. குளியாளுக்கு மணிக்கணக்கு முக்கியம், வழியிலேயே முகமூடியில் முழு ஆக்சிஜன் தொடங்கிவிட வேண்டும்.

போகும் மையத்தில் மூன்று கேளுங்கள். சேம்பர் ஓடும்போது மருத்துவர் கட்டடத்துக்குள் இருப்பாரா? அழுத்தத்தை இயக்குபவர் முழு நேரமும் பக்கத்திலேயே இருப்பாரா? இன்றைய சோதனைப் பட்டியலைக் காட்ட முடியுமா? அந்தத் தாளில் இன்றைய தேதியும் கையெழுத்தும் இல்லையென்றால் படுக்காமல் வந்துவிடுங்கள்.