மேகம் மறைக்கும் அந்தப் பத்து நிமிடம்

சூரியத் தகடுகளைப் பற்றி நம் ஊரில் பேசாத ஆள் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் கூரை, தெங்கே நீர்த்தேக்கம், பள்ளிக்கூட மாடி என்று எங்கு பார்த்தாலும் தகடுதான். நல்ல விஷயம். ஆனால் அந்த மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரிகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது என் ஆதங்கம். பேச்சு வந்தாலும், "ராத்திரி முழுக்கத் தாங்குமா?" என்ற ஒரே கேள்விதான். சிங்கப்பூருக்கு அதுவா முதல் கேள்வி? இல்லை என்பேன். மேகம் மறைக்கும் பத்து நிமிடத்தை எது தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி.

நம் வானம் எப்படி என்று தெரியும்தானே. மதியம் எதிர் புளோக் கூரையில் தகடுகள் கண் கூசும்படி மின்னும். காயப்போட்ட துணியை எடுக்க மூங்கில் கழியை உள்ளே இழுப்பதற்குள் இருட்டிக்கொண்டு கொட்டத் தொடங்கிவிடும். தீவு சின்னது, ஒரே மேகக்கூட்டம் பல வட்டாரங்களைச் சேர்த்து மூடிவிடும். மேலே உற்பத்தி சரிகிறது, கீழே ஏர்கான் நிற்காமல் ஓடுகிறது. உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு விநாடியும் சமமாக இருந்தாக வேண்டும். தவறினால் மின்கட்டமைப்பின் அதிர்வெண், அதாவது மின்னோட்டத்தின் துடிப்பு, விநாடிக்கு 50 சுற்று (50 ஹெர்ட்ஸ்) என்ற அளவிலிருந்து நழுவும்.

அந்தப் பள்ளத்தை நிரப்புவது பெரும்பாலும் எரிவாயு மின்நிலையங்கள்தான். நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு அங்கிருந்துதான் வருகிறது. அணைந்து கிடக்கும் டர்பைனை நினைத்த நொடியில் எழுப்ப முடியாது. அதனால் சிலவற்றை முழுத்திறனில் ஓட்டாமல், அவசரத்துக்குக் கூட்டிக்கொள்ள இடம் விட்டே ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எரிவாயு கூடுதலாகச் செலவாகும். வெயிலை நம்பித் தகடு போட்டுவிட்டு, மேகத்துக்குப் பயந்து எரிவாயுவை எரிப்பது என்ன கணக்கு? பேட்டரி ஒரு விநாடிக்குள் கைகொடுத்துவிடும். தேவைப்படும்வரை சும்மா காத்திருக்கும், எரிவாயு எதையும் எரிக்காது.

2023 பிப்ரவரியில் ஜூரோங் தீவில் செம்ப்கார்ப் நிறுவனம் திறந்த பேட்டரி சேமிப்பு நிலையத்தின் கொள்ளளவு 285 மெகாவாட் மணி. சுமார் 24,000 நாலறை வீடுகளின் ஒருநாள் தேவை அது. வீவக வீடுகளோ ஒரு மில்லியனுக்கும் மேல். ஆக, ராத்திரியை அது சுமக்காது. அதற்காகக் குறை சொல்வதும் நியாயமில்லை.

ராத்திரிக்கு வேறு வழி வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் கடம்பாறையில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். நம் புக்கித் தீமா 164 மீட்டரைக்கூடத் தொடாது. அதனால் வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும். லாவோஸ் நீர்மின்சாரம் 2022லேயே வரத் தொடங்கியது. 2035க்குள் 6 கிகாவாட் இறக்குமதி என்பது இலக்கு.

சரி, தீப்பிடித்தால்? நியாயமான பயம். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையத்தில் எரிந்த தீ அக்கம்பக்கத்தாரை வீட்டைவிட்டே கிளப்பியது. ஆனால் அங்கே இருந்தவை பழைய கட்டடத்துக்குள் அடுக்கிய நிக்கல் வகை பேட்டரிகள். ஜூரோங் தீவில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. சூட்டை அதைவிட நன்றாகத் தாங்கும். எரியவே எரியாது என்று சொல்ல மாட்டேன். பெட்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, தீயணைப்பு வண்டி எந்தப் பக்கமாக வரும் என்பதைக் குடியிருப்பாளர்களிடம் முன்கூட்டியே காட்டட்டும்.

தகடு ஏறிய பல மாடிக் கார் நிறுத்துமிடங்களின் ஓரத்திலேயே சிறிய சேமிப்பு நிலையங்கள் வர வேண்டும் என்பது என் விருப்பம். அப்புறம் மின்சாரக் கார்கள். 2030க்குள் 60,000 மின்னேற்று முனைகள் வரப்போகின்றன. எல்லோரும் வேலை முடிந்து வந்து ராத்திரியில் செருகினால் எரிவாயுவுக்குத்தான் பாரம் கூடும். வெயில் உச்சத்தில் இருக்கும் மதியத்தில் கட்டணத்தைக் குறைத்தால், அலுவலகத்தில் சும்மா நிற்கும் காரே பகல் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். உங்கள் வட்டாரக் கலந்துரையாடலில் தகடு பற்றிப் பேச்சு வந்தால், பேட்டரி எங்கே என்று கேளுங்கள். நானும் எங்கள் வட்டாரத்தில் கேட்கத்தான் போகிறேன்.