வார்த்தை லிஸ்ட் மட்டும் போதாது
"சீனப் பசங்க 3500 வார்த்தைய உருப்போட்டாலே காவோகாவோ (காலேஜ்ல சேர்றதுக்கு அங்க எழுதுற நுழைவுத் தேர்வு) பரீட்சைல இங்கிலீஷ் மார்க் வந்துரும்"னு இந்தக் கட்டுரைல இருக்கு, அதான் இடிக்குது. நான் சீனாவுல ஷென்ஜென் நகரத்துல வேலை பாத்தப்ப பக்கத்து ஃப்ளாட் பையன் நம்ம ப்ளஸ் டூ மாதிரி கடைசி வருஷம், டவுட் கேக்க வருவான், வார்த்தை புக்க முதல் பக்கத்து 'அபாண்டன்'லருந்து தலைகீழா ஒப்பிப்பான், ஆனா ரீடிங்ல மாட்டிக்குவான். அங்க 150 மார்க் பேப்பர்ல ரீடிங்குக்கே 50, அதுல ஒரு பேசேஜ்லருந்து அஞ்சு வாக்கியத்த உருவிட்டு ஏழு வாக்கியம் குடுப்பாங்க, எது எங்க உக்காரும்னு பொருத்தணும், எல்லா வார்த்தையும் அவனுக்கு அத்துபடி, ஆனா அந்த 'திஸ்'சும் 'ஹவெவர்'ரும் முந்தின வரில எதப் புடிச்சு நிக்குதுன்னு பாக்கவே மாட்டான். இதுபோக பாதிக் கதைய குடுத்து மீதிய சுமார் 150 வார்த்தைல நீயே எழுதுன்னு 25 மார்க்குக்கு ஒரு கேள்வி, அதுக்கு எந்த லிஸ்ட் உதவும்? மேல கமெண்ட்ல ஒருத்தர் வார்த்தை கத்துக்க ஆப் இருந்தா போதும்ங்கிறாரு, சார், ஆப்ல வார்த்தை ஒத்தையா நிக்கும், வாசிக்கிறப்பதான் அது என்னென்ன வேஷம் போடுதுன்னு புடிபடும். தினம் ஒரு சின்ன நியூஸ் படிக்க வெச்சதுக்கப்புறம்தான் அவனுக்கு வேகம் கூடுச்சு, ஆனா ராத்திரி பத்து மணி வரைக்கும் ஸ்கூல்லயே உக்காந்து படிக்கிற புள்ளைக்கு அதுக்கு நேரம் கிடைக்கிறதே பெரும்பாடு.