அந்த பி.டி.எஃப். விவகாரம்

"என்னண்ணே, குரூப்ல இருந்து தூக்கிட்டாங்களாமே?" என்று நேற்றிலிருந்து இன்பாக்ஸில் கேட்பவர்களுக்காகப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். ஆமாம், தூக்கிவிட்டார்கள். எந்த டெலிகிராம் குழு, எந்தப் புத்தகம் என்பது காமிக்ஸ் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பெயரைப் போட்டு அங்கே இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துவிட எனக்கு மனசில்லை.

இந்த மாதக் காமிக்ஸ் இதழ் சந்தாதாரர்களுக்கே அப்போது முழுசாகப் போய்ச் சேரவில்லை. என் பார்சலும் திருப்பூர் வந்து சேர்ந்திருக்கவில்லை. அதற்குள் குழுவில் முழுப் புத்தகமும் பி.டி.எஃப். ஆக வந்து விழுந்துவிட்டது. திறந்து பார்த்தேன். செல்போனில் எடுத்த படங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஸ்கேன் செயலியின் பெயர். இடது ஓரத்தில் புத்தகத்தை விரித்துப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல். நகத்தோரம் பிளாஸ்திரி. கடைசிப் பக்கம்வரை அதே விரல், அதே பிளாஸ்திரி. ஆசிரியர் வாசகர்களோடு பேசும் பக்கத்தை விடாமல் எடுத்திருக்கிறார். சந்தா கட்டும் விவரம் உள்ள பக்கத்தை மட்டும் காணோம்.

எனக்கு முன்னால் புத்தகம் கையில் கிடைத்திருக்கிறது என்றால் அவரும் பணம் கட்டியவர்தானே? நம்மில் ஒருவர். அதுதான் தாங்கவில்லை.

"இது இந்த மாச இதழ், தயவுசெய்து எடுத்துடுங்க" என்று ஒரு வரி போட்டேன். "வசதி இருக்கறவன் வாங்கு, இல்லாதவன் படிச்சுட்டுப் போறான், உனக்கு ஏன் எரியுது?" என்றார் ஒருவர். "பதிப்பகத்துக்குச் சொம்பு தூக்க வந்துட்டார்" என்றார் இன்னொருவர். பத்து நிமிஷத்தில் நான் வெளியே.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். தமிழ் காமிக்ஸில் நூறு பிரதி என்பது பெரிய எண்ணிக்கை. லட்சக்கணக்கில் விற்கும் வாரப் பத்திரிகைக்கு நூறு பிரதி குறைந்தால் கணக்கில்கூடத் தெரியாது. இது ஆயிரங்களில் ஓடுகிற வண்டி. பெல்ஜியத்திலோ இத்தாலியிலோ இருக்கும் பதிப்பாளரிடம் உரிமை வாங்க வேண்டும். மொழிபெயர்க்க வேண்டும், வசன பலூனுக்குள் தமிழைப் பொருத்த வேண்டும். நாலு கலருக்கு நாலு அச்சு பிளேட். ஆயிரம் அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான், மொழிபெயர்ப்புச் செலவும் ஒன்றுதான். பிரதி குறையக் குறைய அத்தனையும் மிச்சமிருக்கும் வாசகன் தலையில் விழும். விலை ஏறும். "விலை ஏறிப்போச்சு" என்று இன்னும் நூறு பேர் பி.டி.எஃப். பக்கம் போவார்கள். பிறகு அந்தத் தொடர் அடுத்த வருஷ அட்டவணையில் இருக்காது. யாரும் அறிவிப்பு வைத்து நிறுத்துவதில்லை. சத்தமில்லாமல் காணாமல் போகும்.

அறிவாளி நண்பர் ஒருவர், "ராணி காமிக்ஸை எந்த பி.டி.எஃப். கொன்றது?" என்று கேட்டார். எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 1984-ல் தொடங்கி 2005-ல் நின்றபோது இந்தக் குழுக்களே கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தினத்தந்தி குழுமமே பின்னால் நின்றும் 500 இதழோடு அது முடிந்துபோனது. 1972-ல் இரும்புக்கை மாயாவி கதையோடு கிளம்பிய முத்து காமிக்ஸும் 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் இன்றைக்கும் சிவகாசியிலிருந்து வருகின்றன என்றால் அது எத்தனை பெரிய விஷயம்! இடையில் இதழ் வராமல் ஏங்கிக் கிடந்த காலமெல்லாம் மறந்துபோச்சா? 2012 ஜனவரியில் ஆர்ட் பேப்பரில் மறுபடி வந்தபோது கண் கலங்கிய ஆட்கள்தானே நாம்?

"அந்தக் காலத்தில் வாடகை நூலகத்தில் ஓசியில் படித்தவர்கள்தானே நீங்களெல்லாம்" என்று ஒரு கமெண்ட். ஓசியில் இல்லை ஐயா, நாளைக்கு 25 பைசா. எங்கள் தெருமுனையில் தகரக் கூரை போட்ட ஒரு நூலகம். கடைக்காரர் புது இதழ் வந்ததும் அட்டையைக் காக்கித்தாளில் பொதிந்து, முதுகில் கோணி ஊசியால் சணல் நூல் போட்டுத் தைத்துவிடுவார். நடுவில் இருக்கும் வசனம் பாதி தையலுக்குள் போய்விடும், விரலால் பிதுக்கித்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதி காசு கொடுத்து வாங்குவார். ஒன்று என்னிடம் இருந்தால், இன்னொன்று திரும்பி வரும்வரை அடுத்தவன் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவன் வீட்டில் அழுது அடம்பிடித்துச் சொந்தமாக வாங்குவான். நான் முதல் புத்தகம் வாங்கியது அப்படித்தான். பி.டி.எஃப். யாரையும் காத்திருக்க வைப்பதில்லை.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'இரத்தப் படலம்' காமிக்ஸ் தொடரின் முதல் பாகத்தை அவன் படித்தது பள்ளிக்கூடத்தில். அதில் வரும் நினைவிழந்த மனிதன் யார் என்று தெரிந்துகொள்ள அவன் எத்தனை வருஷம் காத்திருந்தான்! பாகம் பாகமாக, இடைவெளி விட்டு விட்டு வந்தது. வேலைக்குப் போனான், கல்யாணம் ஆனது, பெண்ணுக்குக் காது குத்தினான். 2010-ல் 18 பாகமும் ஒரே தடித்த தொகுப்பாக வந்தபோது முன்பதிவு செய்து வாங்கினான். விடிய விடியப் படித்தான். மறுநாள் கடை திறக்கவில்லை. அண்ணி திட்டியது தெருவுக்கே கேட்டது. அந்தத் தொகுப்பு வந்ததே முன்கூட்டிப் பணம் கட்டிக் காத்திருந்த ஆட்களால்தான். அன்றைக்கு எல்லோரும் "யாராவது போடுவாங்க, பார்த்துக்கலாம்" என்று இருந்திருந்தால்?

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் கோபப்படுகிறார்கள். தபால் செலவு புத்தக விலையைத் தாண்டுகிறது என்கிறார்கள். உண்மைதான், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்தக் குழுவில் பாதிப் பேர் கோயம்புத்தூரும் மதுரையும்தானே?

இன்னொரு கட்சி, திருட்டுப் பிரதியால் விற்பனை கூடும் என்கிறது. 2010-ல் அமெரிக்க ஓவியர் ஸ்டீவ் லீபரின் புத்தகத்தை யாரோ முழுசாக இணையத்தில் ஏற்ற, அவரே அங்கே போய் வாசகர்களோடு பேச, விற்பனை எகிறியது. நடந்த கதைதான். எத்தனை பேருக்கு அப்படி நடந்தது? ஜப்பானில் 'மங்காமுரா' என்ற தளம் 2018 ஏப்ரலில் மூடப்படும்வரை ஆயிரக்கணக்கான மங்காக்களை (ஜப்பானியக் காமிக்ஸை) இலவசமாகக் காட்டிக்கொண்டிருந்தது. இழப்பு ஏறக்குறைய 32,000 கோடி யென் என்று அங்கே மதிப்பிட்டார்கள். ஓசியில் படித்த எல்லோரும் வாங்கியிருப்பார்களா என்றால் மாட்டார்கள், அந்த எண் கூடுதலாகவே இருக்கலாம். ஆனாலும் அதை நடத்தியவருக்கு 2021-ல் மூன்று வருஷச் சிறை கிடைத்தது. அதே ஜப்பானில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர் ஆராய்ந்து சொன்னது இது: முடிந்துபோன தொடர்களுக்குத் திருட்டுப் பிரதி கொஞ்சம் விளம்பரமாகிறது, ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களின் விற்பனையைக் குறைக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் தொடர்! நான் குழுவில் சொன்னதும் அதைத்தானே? எங்கும் கிடைக்காத எழுபதுகளின் இதழை, கரையான் அரித்த ஒரே பிரதியிலிருந்து ஸ்கேன் எடுத்து வைக்கிறவரை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சட்டப்படி அதுவும் தப்பு என்பீர்கள். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. என்னிடமே அப்படி இருபது முப்பது இருக்கின்றன. நான் கேட்டது இந்த மாத இதழை. மை காயாத இதழை.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. "வசதி இருக்கறவன்" என்று அவர் சொன்னாரே, நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். டிசம்பர் போனஸில் முதலில் எடுத்து வைப்பது சந்தாப் பணம். அப்புறம்தான் மற்றது. எட்டு வருஷம் அந்தக் குழுவில் இருந்தேன். கிடைக்காத இதழ்களைத் தேடிப் பிடித்து எத்தனை பேருக்கு என் செலவில் பார்சல் அனுப்பியிருப்பேன்! வெளியேற்றும்போது "ஏம்ப்பா, அவர் நம்மாளு" என்று ஒரு ஆள் சொல்லவில்லை.

பார்சல் நேற்று சாயங்காலம் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. இன்று காலை அதே குழுவிலிருந்து ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார்: "அண்ணே, இதோட ரெண்டாம் பாகம் எப்ப வரும், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது தம்பி. சந்தா எவ்வளவு சேருதுங்கறதைப் பொறுத்தது.