கிரேடு 3 என்றால் மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்பது தவறு

"திசு ஆய்வு அறிக்கையில் கிரேடு 3 என்றிருந்தால் புற்றுநோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது, இனிச் சிகிச்சை வீண்" என்ற செய்தி தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது உண்மையல்ல.

கிரேடு என்பது, நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றுச் செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைக் குறிக்கிறது. கட்டம் என்பது கட்டியின் அளவையும் அது பரவியிருக்கும் தூரத்தையும் குறிக்கிறது. மார்பகப் புற்றுநோயில், செல்கள் குழாய்போல் அமைந்திருக்கும் அளவு, உட்கருவின் வடிவ மாற்றம், செல்கள் பிரியும் வேகம் ஆகிய மூன்றுக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறார்கள். 8 அல்லது 9 வந்தால் கிரேடு 3. ஆகவே, 2 சென்டிமீட்டருக்கும் குறைவான, எங்கும் பரவாத முதற்கட்டக் கட்டிகூட கிரேடு 3 ஆக இருக்கலாம்.

மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதிச் சான்றிதழில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்தவருக்கு 7-ஆம் நிலை, 30-க்குக் கீழே எடுத்தவருக்கு 1-ஆம் நிலை என்று பார்த்துப் பழகிய நாம், மருத்துவ எண்களையும் அதே கணக்கில் படிக்கக் கூடாது. புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் அறிக்கையில், செல்களின் மாற்றத்தைக் காட்டும் மதிப்பெண்ணாக வரும் 'கிளீசன் 6' பத்துக்கு ஆறு என்று பலரைக் கலங்க வைக்கிறது; ஆனால் இன்றைய நடைமுறையில் திசு ஆய்வில் பொதுவாகத் தரப்படும் மிகக் குறைந்த மதிப்பே அதுதான், ஐந்து தரக் குழுக்களில் முதலாவது.

சிகிச்சை வீண் என்ற பகுதிதான் மிகவும் ஆபத்தானது. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதே பெரும்பாலான கீமோதெரபி மருந்துகளின் வேலை என்பதால், கிரேடு 3 கட்டிகள் பல அதற்கு நன்றாகவே கட்டுப்படுகின்றன. அறிக்கை கைக்கு வந்ததும், கிரேடு என்ன, கட்டம் என்ன என்று மருத்துவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.